பேக் செய்த காய்கறி ஏன் கூட்டு மாதிரி ஆகிறது?

கேள்வி இது: "ஆடியில் மாடித்தோட்டத்தில் விதைத்தது மார்கழியில் அள்ளிக் கொடுக்கிறது. கத்தரி, பரங்கி, தக்காளி, அவரை எல்லாம் ஒரே சமயத்தில் வருகின்றன. பொரியல், கூட்டு, சாம்பார் எல்லாம் சலித்துவிட்டது. புதிதாக ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின் ஓவன் வாங்கியிருக்கிறோம். காய்களை நறுக்கிப் போட்டு, வெள்ளை சாஸ் ஊற்றி, மேலே சீஸ் தூவி இரண்டு முறை பேக் செய்தேன். இரண்டு முறையும் அடியில் தண்ணீர் தேங்கி, மேலே சீஸ் கருகி, நடுவில் கத்தரிக்காய் ரப்பர் மாதிரி இருந்தது. சாஸும் கட்டி கட்டியாக வந்தது. 'கூட்டு மேல சீஸ் போட்டிருக்கியா அம்மா?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கே தவறு?"

பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் செய்தது கூட்டு. ஆனால் கூட்டில் காய் விடும் தண்ணீரை வாங்கிக்கொள்ளப் பருப்பும் அரைத்த தேங்காயும் இருக்கும். உங்கள் தட்டில் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஆளில்லை, அவ்வளவுதான்.

தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். கத்தரியிலும் பரங்கியிலும் 90 பங்குக்கு மேல். ஒரு கிலோ காயைப் பச்சையாக உள்ளே தள்ளினால், முக்கால் லிட்டருக்கும் மேலான தண்ணீரைத் தட்டில் ஊற்றி வைத்த கணக்கு. வாணலியில் வதக்கும்போது அது ஆவியாகிப் போய்விடும். வாணலி திறந்திருக்கிறது, நாமும் கிளறிக்கொண்டே இருக்கிறோம். ஓவன் தட்டிலோ மேலே சாஸ், அதன்மேல் சீஸ் என்று நாமே மூடி போட்டுவிடுகிறோம். காயிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கேயும் போக வழியில்லாமல் அடியில் தேங்குகிறது. தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவனில் 200 வைத்தாலும் உள்ளே நடப்பது வேகவைத்தல்தான். காய் சிவந்து மணக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். மேலே இருக்கும் சீஸில் ஈரம் குறைவு, ஓவனின் சூடேறும் மேல்கம்பிக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் அது மட்டும் கருகுகிறது. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகவே ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாஸும் சீஸும் போட்டு ஓவனுக்குள் போகும் எந்தக் காயும் பச்சையாகவோ ஈரமாகவோ இருக்கக்கூடாது. அடுக்கிய தட்டுக்கு ஓவனில் கடைசி அரைமணி நேர வேலைதான். மற்றதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பிரான்ஸ்காரர்கள் இந்த வகைப் பண்டத்தை கிராத்தான் என்கிறார்கள். நம் ஓட்டல் மெனுக்களில் 'ஓ கிராட்டன்' என்று பார்த்திருப்பீர்கள். சுரண்டுவது என்ற வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தட்டின் ஓரத்திலும் மேலேயும் சிவந்து ஒட்டிக்கொள்ளும் அந்த மொறுமொறுப்பைச் சுரண்டி எடுப்பதில்தான் ருசியே. பால்கோவா கிண்டிய சட்டியைச் சுரண்டித் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிச் சுரண்ட நிறைய இருக்க வேண்டுமானால் பாத்திரம் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும். 4, 5 சென்டிமீட்டர் உயரம் போதும். கேக் டின் மாதிரி உயரமான பாத்திரத்தில் வைத்தால் மேல்பகுதி கொஞ்சமாகவும் உள்ளே ஈரம் நிறையவும் இருக்கும்.

பாத்திரம் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். தக்காளி சேர்ப்பதால் அலுமினியம் வேண்டாம், புளிப்பு பட்டு உலோக வாசனை வரும். கண்ணாடி அல்லது பீங்கான் நல்லது. தென் பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் 'தியான்' என்று ஒரு காய்கறி பேக் உண்டு. அது செய்யும் மண்பாத்திரத்தின் பெயரே பண்டத்துக்கும் வந்துவிட்டது. நம் வீட்டில் நன்றாகப் பழகிய அகலமான மண்சட்டி இருந்தால் தாராளமாக அதில் செய்யலாம். ஆனால் மண்சட்டியைச் சூடான ஓவனில் வைக்காதீர்கள். குளிர்ந்த ஓவனில் வைத்து, அப்புறம் சூட்டை ஏற்றுங்கள். கண்ணாடிக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். ஒருமுறை ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை, துடைத்து ஈரம் காயாத கிரானைட் மேடையில் வைத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம்தான். விருந்தாளிகளுக்கு அன்றைக்கு உப்புமா.

சரி, நான்கு பேருக்கு அளவு. பழுத்த பரங்கிக்காய் தோலும் விதையும் நீக்கி 400 கிராம், கத்தரிக்காய் 300 கிராம், நாட்டுத் தக்காளி 300 கிராம், அவரைக்காய் 100 கிராம், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு 4 பல். சாஸுக்குப் பால் 400 மில்லி, வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம். மேலே தூவ சீஸ் 70 கிராம், ரொட்டித்தூள் 3 மேசைக்கரண்டி. கடலை எண்ணெய் 4 மேசைக்கரண்டி வரை ஆகும். மிளகு, உப்பு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள். நல்லெண்ணெய் வேண்டாம். எனக்கு அது உயிர், ஆனால் பால் சாஸோடு ஒத்துப்போகாது.

கத்தரியிலிருந்து ஆரம்பியுங்கள், அதற்குத்தான் நேரம் அதிகம் ஆகும். கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்று அறைகள். அப்படியே எண்ணெயில் போட்டால் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். எண்ணெய் போதாமல் அரைவேக்காடாய் நின்றால் நீங்கள் சொன்ன அந்த ரப்பர் பதம்தான். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நீளவாக்கில் நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பு தூவிப் பிசறி, வடிதட்டில் அரைமணி வையுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தக் காற்று அறைகளும் அமுங்கிவிடும். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் வைத்து நன்றாக ஒற்றி எடுங்கள். கசப்பு போவதற்காக உப்புப் போடுவதாகச் சிலர் சொல்வார்கள். இளங்காயாகப் பறித்தால் அவ்வளவு கசப்பே இருக்காது. நமக்கு வேண்டியது தண்ணீர் போவதுதான்.

அடுத்து தோசைக்கல். ஓ.டி.ஜி.யில் கத்தரியை வறுக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. நம் வீட்டு ஓவன் சின்னது, உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும். காய்ந்த இரும்புத் தோசைக்கல் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். எண்ணெய் தடவி, துண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி, இரண்டு பக்கமும் சிவக்கும்வரை விடுங்கள். அழுத்தினால் உள்ளே மெத்தென்று அமுங்க வேண்டும். நடுவில் வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். ஓவனில் வெந்துகொள்ளும் என்று நினைக்காதீர்கள். வேகாது.

பரங்கிக்காயை மட்டும் ஓவனுக்கு விடுங்கள், சதுரத் துண்டுகளைக் கல்லில் புரட்டிப் புரட்டி எடுப்பது பொறுமைக்குச் சோதனை. இரண்டு சென்டிமீட்டர் துண்டுகள், உரித்த சின்ன வெங்காயம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். இடையில் ஒருமுறை கதவைத் திறந்து ஆவியை வெளியே விட்டு, துண்டுகளைத் திருப்பிவிடுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். கால் பங்காவது குறைந்திருக்க வேண்டும். குறைந்த அந்த எடைதான் நேற்று உங்கள் தட்டின் அடியில் தேங்கிய தண்ணீர். பரங்கி நன்றாகப் பழுத்து, உள்ளே ஆழ்ந்த மஞ்சளாக இருந்தால் இனிப்பு கூடுதலாக இருக்கும். கோலத்துக்கு எல்லாப் பூவையும் பறித்துவிடாமல் கொடியில் நாலு பெண்பூவையாவது விட்டுவைத்தால்தான் இந்தப் பண்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்பூ கோலத்துக்குப் போதும்.

தக்காளிக்கு நமக்குத் தெரிந்த பதமே போதும். பூண்டைத் தட்டிப் போட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயில் தக்காளியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, தொக்கு மாதிரி எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். 'எண்ணெய் பிரிய' என்று நம் வீடுகளில் சொல்வது தண்ணீர் போய்விட்டது என்பதற்கான அடையாளம்தான். காதைக் கொடுத்தாலே தெரியும். தண்ணீர் இருக்கும்வரை 'தளபுள' என்று கொதிக்கும், போனபின் 'சர்' என்று பொரிகிற சத்தம் வரும். 300 கிராம் தக்காளி ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்குச் சுருங்கும். புளியெல்லாம் தேவையில்லை. அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள் வேண்டுமானால் போடுங்கள், நான் போடுவேன்.

அவரையை நார் எடுத்து, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 3, 4 நிமிடம் போட்டு, வடித்து, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். வடிதட்டிலேயே விட்டால் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதோடு காய் வேலை முடிந்தது.

சாஸ் கட்டி தட்டுவதற்கும் ராகிக் கூழ் கட்டி தட்டுவதற்கும் ஒரே காரணம்தான். உலர்ந்த மாவு சூடான திரவத்தில் விழுந்ததும், மாவுருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும், உள்ளே மாவு உலர்ந்தபடியே மாட்டிக்கொள்ளும். கூழுக்கு நாம் மாவை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொள்கிறோம். இங்கே வெண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது, ஒவ்வொரு மாவுத்துகளையும் பூசிப் பிரித்துவிடுகிறது. வெண்ணெயைச் சின்னத் தீயில் உருக்கி, மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் கிளறுங்கள். நிறம் மாறக்கூடாது. வெதுவெதுப்பான பாலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஊற்றி, வழுவழுவென்று ஆகும்வரை கிளறி, அப்புறம் அடுத்த பங்கு. முழுப்பாலையும் ஒரே மூச்சில் கொட்டுவதால்தான் கட்டி வருகிறது. எல்லாம் சேர்ந்து கொதி வந்த பிறகு தீயைக் குறைத்து ஐந்து நிமிடமாவது விடுங்கள். கரண்டியின் முதுகில் பூசிக்கொண்டு, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும். அதுதான் பதம். மிளகு, ஜாதிக்காய் சேருங்கள். உப்பு மட்டும் கடைசியில், கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். கத்தரியில் உப்பு இருக்கிறது, சீஸில் அதைவிட அதிகம்.

கட்டி வந்துவிட்டாலும் பரவாயில்லை. வடிகட்டியில் தேய்த்து வடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

சீஸ் பற்றி. கடையில் சதுரக் கட்டியாகக் கிடைக்கும் ப்ராசஸ்ட் சீஸில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க உப்பு வகைகள் சேர்த்திருப்பார்கள். அது வழுவழுப்பாக உருகும், ஆனால் இழுபடாது. மொசரல்லா இழுபடும், ஆனால் தனியாக ருசி குறைவு. இரண்டையும் பாதிப் பாதி போடுவது என் வழக்கம். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்கிற சீஸ் கிடைத்தால் அந்த வாரத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். பனீர் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பனீர் உருகாது. புளிப்பு சேர்த்துத் திரித்த பாலின் கட்டி அது, எவ்வளவு சூடுபட்டாலும் இளகாமல் அப்படியே நிற்கும். துருவி ரொட்டித்தூளோடு கலந்தால் மேலே சிவந்து வரும், அவ்வளவுதான்.

இனி அடுக்குவது. தட்டில் வெண்ணெய் தடவி, தக்காளித் தொக்கை மெல்லியதாக அடியில் பரப்புங்கள். அதன்மேல் கத்தரி, ஒரு கரண்டி சாஸ், அதற்கு மேல் பரங்கியும் வெங்காயமும் அவரையும், பிறகு மீதி சாஸ். தக்காளியை அடியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. புளிப்பும் பாலும் நேராகச் சேர்ந்தால் பால் திரியும். சாஸில் வெந்த மாவு இருப்பதால் அவ்வளவு எளிதில் திரியாது, ஆனால் இரண்டையும் போட்டுக் கலக்கினால் அழகும் போகும், ருசியும் போகும். கடைசியாகச் சீஸ். ரொட்டித்தூளைச் சிறிது வெண்ணெயில் பிசறி மேலே தூவுங்கள். அதில் நாலு கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகப் பொரித்து நொறுக்கிச் சேர்ப்பேன். பிரான்ஸ்காரர்கள் மன்னிப்பார்கள். கரம் மசாலா போட்டால் மன்னிக்கமாட்டேன், நானே.

ஓவனை 10 நிமிடம் முன்கூட்டியே 190 டிகிரிக்குச் சூடாக்கி, நடுத் தட்டில், மேல்கம்பி கீழ்கம்பி இரண்டும் எரிய, 20 முதல் 25 நிமிடம். மண்சட்டி என்றால் இந்த முன்சூடு வேண்டாம், பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். ஓரங்களில் சாஸ் குமிழி விட்டுக் கொதித்தால் உள்ளே சூடு சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்புறம் மேல்கம்பியை மட்டும் போட்டு 3 நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு. இந்த மூன்று நிமிடத்தில்தான் போன் வரும், எடுக்காதீர்கள். சின்ன ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருந்தால், முதல் 15 நிமிடம் மேலே அலுமினிய ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி வையுங்கள். சீஸ் கருகாது.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். 15 நிமிடம் ஆறட்டும். சூடாக இருக்கும்போது சாஸ் இளகலாக ஓடும், ஆற ஆற மாவுப்பசை இறுகிக் காயைப் பிடித்துக்கொள்ளும். 'தண்ணீர் விட்டுவிட்டது' என்று பலர் புலம்புவது இந்த 15 நிமிடம் பொறுக்காததால்தான்.

மற்ற காய்களுக்கு ஒரு வார்த்தை. காலிஃபிளவரைப் புழுவுக்குப் பயந்து உப்பு வெந்நீரில் போடுவோம். போடலாம், ஆனால் பூக்களுக்குள் அந்தத் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். தலைகீழாகக் கவிழ்த்து ஒரு மணி நேரம் காயவைத்து, கல்லில் சிவக்கவைத்த பிறகே அடுக்குங்கள். சௌசௌவுக்குக் கத்தரிக்குச் சொன்ன உப்பு வைத்தியம். சேனைக்கிழங்கு இந்தப் பண்டத்துக்கு அற்புதமாகப் பொருந்தும், மஞ்சளும் கொஞ்சம் புளியும் போட்டு அரிப்பு போக முக்கால் பதம் வேகவைத்துக்கொள்ளுங்கள். பீர்க்கங்காயும் சுரைக்காயும் வேண்டாம், அவற்றின் அழகே தண்ணீர்தான், கூட்டிலேயே இருக்கட்டும். வெண்டைக்காயைத் தனியாக வறுத்தால் ருசி, பால் சாஸில் போட்டால் கொழகொழப்பு.

உருளைக்கிழங்கு சேர்ப்பதானால் அதைத் தக்காளியோடு சேர்க்காதீர்கள். புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று பாட்டிகள் சொல்வார்களே, அதே கதை. புளிப்பு பட்டால் கிழங்கு இளகாமல் நறுக்கென்று நிற்கும். உருளைக்கு மட்டும் தனியாக ஒரு பேக் செய்வது இன்னும் நல்லது, அதற்கு மைதாகூட வேண்டாம். பிரான்ஸின் தென்கிழக்கில் தோஃபினே பகுதியின் பண்டம் அது. 1788-இல் காப் என்ற ஊரில் நடந்த ஒரு விருந்தில் பரிமாறியதாகப் பழைய பதிவு இருக்கிறது. கிழங்கை மூன்று மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, பாலும் க்ரீமும் பூண்டும் உப்பும் சேர்த்துச் சின்னத் தீயில் பத்து நிமிடம் வேகவைத்து, அப்படியே தட்டில் ஊற்றி, 160 டிகிரியில் ஒரு மணி நேரம். இதில் ஒன்றே ஒன்று கவனம்: நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் போடக்கூடாது. நமக்குக் கை தானாகத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போகும். கழுவினால் மாவுச்சத்து போய்விடும், அந்த மாவுச்சத்துதான் பாலைக் கெட்டியாக்குகிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் நீலகிரியில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிடவைத்தார். ஊட்டி உருளைக்கு இந்தப் பண்டம் ஒருவகையில் தூரத்து உறவுதான்.

வேலைக்குப் போகிறவர் என்றால் முந்தின நாள் இரவே எல்லாவற்றையும் அடுக்கி, ஆறவிட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கண்ணாடித் தட்டை வெளியே வைத்து முக்கால் மணி நேரம் குளிர் போகவிட்டு, 35 நிமிடம் பேக் செய்யுங்கள். ரொட்டித்தூளை மட்டும் ஓவனில் வைக்கும் முன் தூவுங்கள், இல்லாவிட்டால் நமத்துவிடும்.

எதற்குத் தொட்டுக்கொள்வது? பன்னோ பிரெட்டோ போதும். எங்கள் வீட்டில் ஒருவர் இதை மிளகு ரசம் சாதத்தோடு சாப்பிடுகிறார். முதலில் சிரித்தேன், இப்போது நானும் அப்படித்தான்.

முதல் முறை கத்தரி, பரங்கி, தக்காளி மூன்றை மட்டும் வைத்துச் செய்யுங்கள். தட்டைச் சாய்த்துப் பாருங்கள், ஓரத்தில் தண்ணீர் ஓடவில்லை என்றால் அடுத்த வாரம் காலிஃபிளவரைச் சேருங்கள்.